கண் விழித்தவுடன் சாவி செய்யக் கூடாது

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். அடுப்பில் ஏதாவது வைத்திருந்தால் இறக்கி வைத்துவிட்டு வந்து படியுங்கள்.

நம் பெரம்பலூர், அரியலூர் பக்கம் ஜூன் மாதம் வந்தால் வீட்டுக்கு வீடு ஒரே பேச்சுதான். கலந்தாய்வு, கட்-ஆஃப், ரேண்டம் எண். 2022-ல் பெரம்பலூரும் 2025-ல் அரியலூரும் பிளஸ் டூ தேர்ச்சியில் மாநிலத்திலேயே முதலிடம் வாங்கிய மாவட்டங்கள். பேச்சு இருக்கத்தானே செய்யும்? என் அண்ணன் பேத்தியும் பொறியியலுக்கு விண்ணப்பித்திருக்கிறாள். அவளுக்கு 10 இலக்கத்தில் ஒரு ரேண்டம் எண் வந்ததும் அவள் அப்பா குடும்பக் குழுவில் கேட்டான்: “என்ன அத்தை இது, ராத்திரி பகலாகப் படித்த பிள்ளைக்குக் குலுக்கல் சீட்டா?”

அவனுக்கு அங்கேயே பதில் சொன்னேன். கட்-ஆஃப் ஒன்றாக இருந்தால் கணித மதிப்பெண், இயற்பியல் மதிப்பெண், பிறந்த தேதி என்று வரிசையாகப் பார்த்துக்கொண்டு வருவார்கள். எல்லாமே சமமாக நின்றால்தான் கடைசியில் அந்த எண்ணுக்கு வேலை. பெரிய எண் வைத்திருப்பவர் முன்னால் போவார். இதில் யாருக்கும் அநியாயம் இல்லை.

பேச்சு அதோடு முடிந்திருக்கும். என்னிடம் ஆறாம் வகுப்பு படித்து, இப்போது சென்னையில் நெட்வொர்க் வேலை பார்க்கிற ஒரு பையனிடம் இதைச் சொன்னேன். அவன், “டீச்சர், கலந்தாய்வாவது வருஷத்துக்கு ஒரு தடவை. கம்ப்யூட்டருக்கு ஒவ்வொரு தடவை ஆன் பண்ணும்போதும் ரேண்டம் எண் வேணும். அது சரியாகக் கிடைக்காமல் உலகம் முழுக்க வம்பாகியிருக்கு” என்றான். அன்றிலிருந்து அவனைக் கேட்டுக் கேட்டும், தேடித் தேடிப் படித்தும் தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன். அதில் எனக்கென்று ஒரு கருத்தும் உண்டு. அதையும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். ரேண்டம் என்றால் ஏனோதானோ என்று அர்த்தம் இல்லை. யாராலும் முன்கூட்டி ஊகிக்க முடியாதது என்று அர்த்தம். நம் ஆட்களுக்கு இது புதிதும் இல்லை. உத்திரமேரூர்க் கல்வெட்டு எல்லோருக்கும் தெரியும். முதலாம் பராந்தகன் காலம், கி.பி. 919, 921. குடவோலை முறை என்று ஒரு வரியில் பாடம் நடத்திவிட்டுப் போய்விடுகிறோம். அதன் நடைமுறையைக் கவனித்தால் எவ்வளவு எச்சரிக்கை என்று ஆச்சரியமாக இருக்கும். ஓலைகள் போட்ட குடத்தை ஊரார் அத்தனை பேரும் பார்க்கும்படி தூக்கிக் காட்ட வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்று அறியாத ஒரு சிறுவன்தான் ஓலைக்கட்டை எடுக்க வேண்டும். அந்தக் கட்டைப் பிரித்து இன்னொரு குடத்தில் போட்டு நன்றாகக் குலுக்க வேண்டும். அதிலிருந்து சிறுவன் எடுத்த ஓலையை, வாங்குகிறவர் ஐந்து விரலையும் விரித்த உள்ளங்கையில் வாங்க வேண்டும். கைக்குள் வேறு ஓலையை ஒளித்து மாற்றிவிடக் கூடாது என்பதற்குத்தான் அது. யார் பெயரை எழுதலாம் என்பதில் இன்றைக்கு நாம் ஏற்க முடியாத நிபந்தனைகள் இருந்தன, அது வேறு விஷயம். ஆனால் குலுக்கலில் மனிதக் கை புகுந்துவிடக் கூடாது என்று 1,100 வருஷத்துக்கு முன்பே யோசித்திருக்கிறார்கள்.

தேர்தல் வேலைக்குப் போன ஆசிரியர்களுக்கு இன்னொன்றும் தெரியும். எந்த வாக்குச்சாவடி என்று கடைசி நேரம் வரை நமக்கே தெரியாது. கம்ப்யூட்டரில் மூன்று கட்டமாகக் குலுக்கித்தான் ஆணை வரும். வாக்குப்பதிவு இயந்திரங்களையும் இரண்டு கட்டமாகக் குலுக்கித்தான் சாவடிகளுக்குப் பிரிக்கிறார்கள். குன்னத்துக்கு எந்த இயந்திரம், ஜெயங்கொண்டத்துக்கு எந்த இயந்திரம் என்று முன்னாலேயே தெரிந்தால் யாராவது போய்க் கைவைக்கலாம் அல்லவா?

சரி, கம்ப்யூட்டர் எப்படிக் குலுக்குகிறது? அதற்குள் குடமும் கிடையாது, சிறுவனும் கிடையாது. சொன்னதைச் சொன்னபடி செய்கிற இயந்திரம் அது. ஒரே கணக்கைக் கொடுத்தால் ஆயிரம் தடவையும் ஒரே விடைதான் சொல்லும். அதனால்தான் அதை நம்புகிறோம். குலுக்கலுக்கு மட்டும் அதே நல்ல குணம் உதவாது.

ஒரு சின்னக் கணக்கு. பிள்ளைகளே, பழைய நினைப்பில் பேனாவை எடுங்கள். 12 என்ற எண்ணில் தொடங்குங்கள். அதை 3-ஆல் பெருக்கி 7 கூட்டுங்கள். விடையில் கடைசி இரண்டு இலக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப அதையே செய்யுங்கள். 43, 36, 15, 52, 63, 96, 95 என்று வரும். பார்க்கிறவர்களுக்குத் தாயக்கட்டை உருட்டியதுபோல இருக்கும். ஆனால் வகுப்பில் 40 பேரும் 12-ல் தொடங்கினால் 40 சிலேட்டிலும் இதே வரிசைதான். கம்ப்யூட்டர் உண்டாக்குகிற ரேண்டம் எண்களும் இந்த ஜாதிதான். கணக்கு மட்டும் நம்முடையதைவிடப் பல மடங்கு சிக்கலாக இருக்கும். அந்தத் தொடக்க எண்ணுக்கு அவர்கள் வைத்திருக்கிற பெயர் ‘விதை’. பொருத்தமான பெயர். விதை ஒன்றானால் விளைச்சலும் ஒன்று.

ஆகவே விதை வெளியிலிருந்துதான் வர வேண்டும். நாம் கீபோர்டில் தட்டுகிற இரண்டு தட்டுக்கு நடுவில் எத்தனை நேரம், மவுஸ் எந்தப் பக்கம் நகர்ந்தது, நெட்வொர்க்கில் அடுத்த தகவல் எந்த நொடியில் வந்தது, இதையெல்லாம் கம்ப்யூட்டர் கவனித்துச் சேர்த்துக்கொண்டே இருக்கும். அரியலூர் சாலையில் நின்று சிமெண்ட் லாரிகளைப் பாருங்கள். ஒரு நாளைக்குச் சுமார் எத்தனை லாரி வரும் என்று டீக்கடைக்காரர் சொல்லிவிடுவார். அடுத்த லாரி சரியாக எந்த நொடியில், அந்த நொடியிலும் ஆயிரத்தில் எத்தனையாவது பங்கில் நம்மைக் கடக்கும் என்று லாரி ஓட்டுநரே சொல்ல முடியாது. அந்தக் கடைசி இலக்கங்களைத்தான் கம்ப்யூட்டர் பொறுக்கிச் சேர்க்கிறது. 1994-ல் தியோடர் சோ என்பவர் லினக்ஸ் இயங்குதளத்தில் இதற்கென்று ஒரு ஏற்பாட்டை எழுதி வைத்தார். இப்போது பல சிப்புகளுக்குள்ளேயே, மின்னோட்டத்தின் நுண்ணிய தடுமாற்றத்தை வைத்து ரேண்டம் எண் தருகிற ஒரு பகுதியும் இருக்கிறது.

அடுத்து ஒன்றைச் சொன்னால் நம் ஊர் விவசாயிகள் சிரிப்பார்கள். கம்ப்யூட்டரை முறைப்படி அணைக்கும்போது, சேர்த்து வைத்ததில் கொஞ்சத்தை அடுத்த முறைக்கு என்று சேமித்து வைத்துவிட்டுத் தூங்குகிறது. நாம் சின்ன வெங்காயத்தில் விதைக் காயைத் தனியாகப் பிரித்துப் பட்டறை போட்டு வைப்பதில்லையா, அதேதான். மறுநாள் எழுந்ததும் கையில் பழைய விதை இருக்கும். அதோடு புதிதாகச் சேர்வதையும் கலந்துகொள்ளும்.

எழுந்ததும் அவ்வளவு அவசரமாக அது எதற்கு என்று கேட்பீர்கள். பல வேலை இருக்கிறது. நினைவகத்தில் எந்த நிரலை எந்த இடத்தில் உட்கார வைப்பது என்பதைக் கலைத்துப் போட வேண்டும். எப்போதும் ஒரே இடத்தில் உட்கார வைத்தால் உள்ளே புக நினைக்கிற திருடனுக்கு வீட்டு வரைபடத்தைக் கொடுத்த மாதிரி. தெருவில் கரண்ட் போய் வந்ததும் எல்லா வீட்டு வைஃபை பெட்டியும் ஒரே நேரத்தில் எழுந்து ஒரே நேரத்தில் கத்தினால் யார் பேச்சும் யாருக்கும் கேட்காது. ஆளுக்கொரு ரேண்டம் நேரம் காத்திருந்து பேச வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், மற்ற இயந்திரங்களோடு ரகசியமாகப் பேசச் சாவி செய்ய வேண்டும். அந்தச் சாவிதான் ரேண்டம் எண்.

இப்போது யோசியுங்கள். கடையில் வாங்கி வந்த புதுப் பெட்டி. வைஃபை ரௌட்டரோ சிசிடிவி கேமராவோ. அதற்கு கீபோர்டு இல்லை, மவுஸ் இல்லை. நேற்று என்று ஒன்று இல்லாததால் சேமித்த விதையும் இல்லை. மலிவுப் பெட்டிகளில் கடிகாரத்துக்கு பேட்டரிகூட இல்லை. ஆன் செய்ததும் 1970 ஜனவரி 1 என்று தேதி காட்டுகிற பெட்டிகள் உண்டு. ஒரே தொழிற்சாலையில் ஒரே மென்பொருளோடு வெளிவந்த லட்சம் பெட்டிகளும் முதல் தடவை கண் விழிக்கும்போது ஒரே மாதிரி விழிக்கின்றன. மென்பொருளை நகல் எடுத்தபோது விதையும் சேர்ந்து நகலாகிவிட்டால் அது இன்னும் மோசம். இந்த நிலையில் உட்கார்ந்து, விழித்த முதல் நிமிடத்திலேயே, ஆயுளுக்கும் பயன்படுத்தப் போகிற சாவியைச் செய்கிறது அந்தப் பெட்டி!

இது கற்பனைப் பயம் இல்லை. 2012-ல் அமெரிக்காவில் நாடியா ஹெனிங்கர், ஜாகிர் துருமெரிக், எரிக் வுஸ்ட்ரோ, அலெக்ஸ் ஹால்டர்மேன் என்ற நால்வர் இணையம் முழுவதையும் துழாவி, வெளியில் தெரிகிற பூட்டுகளையெல்லாம் சேகரித்தார்கள். பாதுகாப்பான இணைப்பு தருகிற இயந்திரங்கள் மட்டும் சுமார் 1 கோடியே 28 லட்சம். அவற்றில் 60,000-க்கும் மேற்பட்டவற்றின் ரகசியச் சாவியை, எந்த வீட்டுக்கும் போகாமல், உட்கார்ந்த இடத்திலேயே கணக்குப் போட்டு எடுத்துவிட்டார்கள். பெரும்பாலும் ரௌட்டர் போன்ற சின்னப் பெட்டிகள்.

என்ன கணக்கு தெரியுமா? நான் உங்களுக்கு ஆறாம் வகுப்பில் நடத்தியதுதான். மீப்பெரு பொதுக் காரணி.

விளக்குகிறேன். பெட்டி இரண்டு பெரிய பகா எண்களைத் தேர்ந்தெடுத்துப் பெருக்குகிறது. பெருக்கல் தொகை பூட்டு, எல்லோரும் பார்க்கலாம். அந்த இரண்டு பகா எண்கள்தான் சாவி. 300, 600 இலக்கம் கொண்ட பூட்டைப் பார்த்து அதன் காரணிகளைக் கண்டுபிடிப்பது நடக்காத காரியம் என்பதுதான் பாதுகாப்பு. ஆனால் இரண்டு பெட்டிகள் ஒரே விதையோடு எழுந்தால் முதல் பகா எண் இரண்டிலும் ஒன்றாகவே வந்துவிடும். இரண்டாவதைத் தேடுவதற்குள் கடிகாரம் ஒரு நொடி நகர்ந்திருக்கும், வேறு ஏதாவது நடந்திருக்கும், அதனால் அது மட்டும் வேறாக இருக்கும். சின்ன எண்ணில் சொன்னால், ஒரு பூட்டு 221, இன்னொரு பூட்டு 323. தனித்தனியாகப் பார்த்தால் யோசிக்க வேண்டும். இரண்டையும் சேர்த்து வகுத்துக்கொண்டே போங்கள். 323-ல் 221 போனால் 102. 221-ல் 102 இரண்டு தடவை போனால் மீதி 17. 102-ல் 17 சரியாக ஆறு தடவை. பொதுக் காரணி 17. முடிந்தது கதை. 221 என்பது 13 பெருக்கல் 17, 323 என்பது 17 பெருக்கல் 19. ஒரே கணக்கில் இரண்டு பூட்டும் திறந்துகொண்டன. யூக்ளிட் காலத்துக் கணக்கு இது. 600 இலக்கமாக இருந்தாலும் கம்ப்யூட்டருக்கு நொடிப் பொழுது. இந்த வகுத்தல் முறையைப் படித்தபோது “இது எதுக்கு டீச்சர் உதவும்?” என்று கேட்டவர்கள் பலர் இந்தப் பதிவைப் படிக்கிறீர்கள்!

அந்த ஆய்வு வந்த பிறகு லினக்ஸில் திருத்தம் செய்தார்கள். ஆனாலும் பிரச்சினையின் வேர் வேறொரு இடத்தில் இருக்கிறது. நம் அவசரத்தில்.

2019 செப்டம்பரில் லினக்ஸ் உலகில் ஒரு வாக்குவாதம். வட்டிலிருந்து படிப்பதை வேகப்படுத்த ஒரு நல்ல மாற்றம் செய்திருந்தார்கள். அதனால் தொடக்கத்தில் வட்டின் நடமாட்டம் குறைந்தது. நடமாட்டம் குறைந்ததால் விதை சேர்வதும் குறைந்தது. ஒருவருடைய கம்ப்யூட்டர், போதுமான விதை சேரட்டும் என்று காத்துக்கொண்டே திரை வராமல் நின்றுவிட்டது. கீபோர்டில் தட்டினால் விதை சேரும், ஆனால் திரை வராத கம்ப்யூட்டரில் யார் தட்டுவார்கள்? ஒரு பக்கத்தார், “விதை சேராமல் சாவி கொடுக்கக் கூடாது, காத்திருக்கத்தான் வேண்டும்” என்றார்கள். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ், எழுந்திருக்காத கம்ப்யூட்டரால் யாருக்கும் பயனில்லை என்ற பக்கம் நின்றார். முதலில் அந்த வேக மாற்றத்தைத் திரும்பப் பெற்றார். பிறகு, சும்மா காத்திருக்காமல் சிப்பின் சொந்த வேகத் தடுமாற்றத்தை அளந்து தானே விதை சேர்த்துக்கொள்ளும்படி ஒரு வழியையும் எழுதினார்.

இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. மருத்துவமனையில் ஒரு இயந்திரம் விதைக்காகக் காத்து நின்றால் நோயாளி என்ன ஆவது? அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் என் கருத்து இதுதான். எழுந்திருப்பது வேறு, சாவி செய்வது வேறு. இயந்திரம் எழட்டும், விளக்கு எரியட்டும், திரை வரட்டும். ஆயுளுக்கும் வைத்திருக்கப் போகிற சாவியை மட்டும் போதுமான விதை சேரும்வரை செய்யாமல் தள்ளிப் போடட்டும். அதற்காக வாங்குகிறவர் இரண்டு நிமிடம் காத்திருந்தால் ஒன்றும் குடி முழுகிவிடாது. “பிளக் போட்டதும் படம் வரணும்” என்று நாம் கேட்கிறோம். அதனால்தான் விற்கிறவர்களும் அந்த இரண்டு நிமிடத்தைத் திருடிக் கொடுக்கிறார்கள்.

நமக்கு இதனால் என்ன என்று கேட்காதீர்கள். உங்கள் கைபேசியும் மடிக்கணினியும் பெரும்பாலும் பரவாயில்லை. அவற்றின் சிப்புக்குள்ளேயே ரேண்டம் எண் தருகிற பகுதி இருக்கிறது, நாமும் நாள் முழுக்கத் தொட்டுக்கொண்டே இருக்கிறோம். எனக்குப் பயம் சின்னப் பெட்டிகள் மேல்தான். பெரம்பலூர்ப் பேருந்து நிலையத்தைச் சுற்றி எத்தனை கடைகளில் கேமரா தொங்குகிறது, எண்ணிப் பாருங்கள். பள்ளிக்கூடத்தில், பெண் பிள்ளைகள் தங்குகிற விடுதி வாசலில், தனியாக இருக்கிற வயதான பெற்றோரைப் பார்க்க என்று வெளிநாட்டுப் பிள்ளை மாட்டிக் கொடுத்த கூடத்தில். அந்தக் கேமராவின் சாவி ஊகிக்கக் கூடியதாக இருந்தால் காவலுக்கு வைத்த கண் திருடனின் கண்ணாகிவிடும்.

மத்திய அரசு 2024-ல் சிசிடிவி கேமராக்களுக்குப் பாதுகாப்புச் சோதனை கட்டாயம் என்று ஆணை போட்டு, 2025 ஏப்ரல் முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. வரவேற்க வேண்டியது. ஆனால் அதற்கு முன்னாலேயே சுவரில் ஏறிவிட்ட பெட்டிகளை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். அதனால் சில வேண்டுகோள்கள்.

சொந்தங்களுக்கு: பெட்டியோடு வந்த கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றுங்கள். பேரன் பிறந்த தேதியை வைக்காதீர்கள். அது ஊருக்கே தெரியும், நீங்கள்தானே கேக் படம் போட்டீர்கள்! கேமரா வாங்கும்போது விலையோடு, இதற்கு மென்பொருள் புதுப்பிப்பு வருமா என்றும் கேளுங்கள்.

கேமரா, ரௌட்டர் மாட்டுகிற தொழிலில் இருக்கிற என் பிள்ளைகளுக்கு: ஒரு பெட்டியைச் சரிசெய்து அதை அப்படியே பத்துப் பெட்டிக்கு நகல் எடுக்காதீர்கள். எடுத்தே ஆக வேண்டுமென்றால் உள்ளே இருக்கிற சாவியையும் விதையையும் அழித்துவிட்டு எடுங்கள். பழைய பெட்டியின் மென்பொருளைப் புதுப்பித்தால் சாவியையும் புதிதாக உண்டாக்குங்கள். பழைய பலவீனமான சாவி அப்படியே இருந்தால் புது மென்பொருளால் லாபம் இல்லை. பெட்டியைக் கொஞ்ச நேரம் நெட்வொர்க்கில் ஓட விட்டு அதன்பின் இதைச் செய்யுங்கள். வாடிக்கையாளர் அவசரப்படுத்தினால் ஒரு டீ வாங்கித் தரச் சொல்லிக் குடியுங்கள், நேரம் போய்விடும்.

நிரல் எழுதுகிற பிள்ளைகளுக்கு: கடிகார நேரத்தை மட்டும் விதையாகப் போட்டுவிட்டு ரேண்டம் என்று சொல்லாதீர்கள். நேரம் எல்லோருக்கும் தெரிந்தது. இயங்குதளம் தருகிற பாதுகாப்பான ரேண்டம் எண்ணையே கேட்டு வாங்குங்கள், அது காத்திருக்கச் சொன்னால் காத்திருங்கள்.

கடைசியாக, இப்போது வகுப்பறையில் இருக்கிற ஆசிரியத் தம்பி தங்கைகளுக்கு: பொதுக் காரணி நடத்தும்போது 221-ஐயும் 323-ஐயும் கரும்பலகையில் எழுதி இந்தக் கதையைச் சொல்லுங்கள். பின்வரிசைப் பிள்ளையும் நிமிர்ந்து உட்காரும்.

அண்ணன் பேத்திக்கு நல்ல கல்லூரி அமைய எல்லோரும் வாழ்த்துங்கள். கம்ப்யூட்டர் படித்தவர்கள் நான் சொன்னதில் கூட்ட வேண்டியது இருந்தால் கீழே எழுதுங்கள், தமிழில் எழுதுங்கள், மற்ற சொந்தங்களும் படிக்கட்டும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
பெரம்பலூர்